கோயில் பாட்டுப் புத்தகம் போடுவது எப்படி: டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு தைப்பூசக் காவடி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசம் நல்ல வெயில் காலத்தில் வரும்; காலை ஒன்பது மணிக்கே மண் சுடும். கோயில் வாசலில் காவடிகள் வரிசையாக நிற்க, நாங்கள் நாற்பது பேர் புதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருப்புகழ் பாடிக்கொண்டிருந்தோம். மூன்றாவது அடியின் பாதியில் பக்கம் முடிந்தது. நாற்பது கையும் ஒரே நேரத்தில் பக்கம் புரட்டின. வேர்த்த விரலில் தாள் ஒட்டிக்கொண்டது. உடுக்கை மட்டும் தனியாக அடிக்க, பாட்டு அறுந்துவிட்டது. எனக்கு முன்னால் அலகு குத்தி நின்ற பையனுக்கு அந்தப் பாட்டுதான் பிடிமானம். அவன் கால் தடுமாறியதைப் பார்த்தேன்.

அந்தப் புத்தகத்தின் பக்கங்களை அமைத்தது நான்தான். திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதை யாரும் நின்றுகொண்டு பாடிப் பார்க்கவில்லை. இரண்டாம் பதிப்பை ஐந்து பேர் சேர்ந்து ஒன்பது மாதம் உழைத்துக் கொண்டுவந்தோம். அதில் கற்றுக்கொண்டதை, இந்த வேலையில் முதல்முறை இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பாடத் தெரிந்தவர் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும்.

எங்கள் நிலைமை வெளியூர்க்காரர்களுக்குப் புரிய ஒரு வார்த்தை. மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்காக 1860 நவம்பர் 16 அன்று இங்கே வந்து சேர்ந்தவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறை நாங்கள். சாமி கும்பிடுவது விடவில்லை, காவடி விடவில்லை, பாட்டும் விடவில்லை. எழுத்துதான் பலருக்கு விட்டுப்போனது. எங்கள் கோயிலில் பாடுகிறவர்களில் தமிழ் எழுத்தை வாசிப்பவர் பத்தில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு ஆங்கில எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். மொரீஷியஸ், ரீயூனியன் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். அங்கே பிரெஞ்சு உச்சரிப்பை வைத்து எழுத வேண்டியிருக்கும்.

முதலில், யார் கையில், எந்த வெளிச்சத்தில்?

தட்டச்சைத் தொடுவதற்கு முன் ஒரு மாலை முழுக்கக் கோயிலில் உட்கார்ந்து பாருங்கள். பாடுகிறவர்கள் நிற்கிறார்களா, உட்கார்ந்திருக்கிறார்களா, நடக்கிறார்களா? இன்னொரு கையில் என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் பாதிப் பேர் ஒரு கையில் தாளம் வைத்திருப்பார்கள், சிலர் இடுப்பில் குழந்தை வைத்திருப்பார்கள். அப்படியென்றால் புத்தகம் ஒரு கையில் நிற்க வேண்டும், விரித்த பக்கம் தானாக மூடிக்கொள்ளக் கூடாது. மின்வெட்டு வந்த மாலைகளில் குத்துவிளக்கு வெளிச்சத்தில் பாடியிருக்கிறோம், அதனால் எழுத்து பெரிதாக வேண்டும். இந்த இரண்டு காரணத்தாலேயே பெரிய, கனமான தொகுப்பு என்ற ஆசையை விட்டோம். ஏ5 அளவு, 64 பக்கம், 48 பாட்டு. அவ்வளவுதான்.

வரிசையும் எண்ணும்

எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஐம்பது சொல்வார்கள். சண்டை வராமல் இருக்க வழி, வழிபாட்டு வரிசையைப் பிடித்துக்கொள்வது. விநாயகர் துதி, பிறகு பஞ்சபுராணம் - தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் - அப்புறம் திருப்புகழ், கடைசியில் வாழ்த்து. இதற்குப் பின்னால் காவடிப் பாட்டு, ஆடி மாதக் கஞ்சி பூசையில் பாடும் அம்மன் பாட்டு, புரட்டாசிச் சனிக்கிழமைக்கான பெருமாள் பாட்டு. எந்த இடத்தில் எத்தனை என்று முதலில் கணக்கை முடிவு செய்துவிட்டு, அப்புறம் பெயர்களைப் பேசுங்கள்.

பாட்டுக்கு எண் கொடுங்கள். பக்க எண்ணை நம்பாதீர்கள். அடுத்த பதிப்பில் பக்கம் மாறும். வீட்டில் பழைய பதிப்பு வைத்திருக்கும் பாட்டியும் புதிய பதிப்பு வைத்திருக்கும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாட வேண்டும் என்றால் ‘இருபத்தேழாம் பாட்டு’ என்றதும் இருவருக்கும் அதே பாட்டு வர வேண்டும். புதுப் பாட்டு சேர்ந்தால் கடைசியில் 49, 50 என்று போகட்டும்.

தேவாரத்துக்குப் பண் பெயரையும், பக்கத்தில் இன்றைய ராகத்தையும் சிறிய எழுத்தில் போடுங்கள்: நட்டபாடை என்றால் கம்பீரநாட்டை, கொல்லி என்றால் நவரோஸ். ஆர்மோனியக்காரர் அதை மட்டும்தான் பார்ப்பார், ஆனால் அவருக்கு அது அவசியம்.

மூலம் எங்கிருந்து எடுப்பது

பழைய பாடல்களுக்கு உரிமைப் பிரச்சினை இல்லை. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு, அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டு. ஆனால் உரை, மொழிபெயர்ப்பு, சினிமாவிலிருந்தோ கேசட்டிலிருந்தோ வந்த காவடிப் பாட்டு, இவை வேறு. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 50 வருடம் வரை உரிமை உண்டு, இந்தியாவில் 60 வருடம். யாருடையது என்று தெரியாத பாட்டை விட்டுவிடுங்கள், அல்லது உரியவருக்கு ஒரு கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள். கோயில் காரியம்தானே என்று நினைக்க வேண்டாம். எழுதியவருக்கும் அதில் உழைப்பு இருக்கிறது.

இலக்கிய மூலங்களுக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர்களால் நடக்கிறது, நல்ல தொடக்கம் அது. இருந்தாலும் இணையத்தில் எடுத்த எதையும் அச்சுப் புத்தகம் ஒன்றோடு ஒப்பிடாமல் ஏற்காதீர்கள். ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் பிழை தப்பிவிடும், ஏனென்றால் தெரிந்த பாட்டைக் கண் வாசிக்காது, வாய்தான் சொல்லிக்கொண்டு போகும்.

பழைய கோப்பு யாரிடமாவது இருந்தால், அது பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அதை, இப்போது எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு சில இடங்களைத் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ர இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ‘கொடி’ என்று தெரிவது உண்மையில் ‘கெரடி’யாக இருக்கும். ஔவை என்ற பெயரில் ஔ ஒரே எழுத்தாக இல்லாமல் ஒ, ள என்று இரண்டாக இருக்கும். ஸ்ரீ இரண்டு விதமாக உள்ளே பதிவாகியிருக்கும், வெளியே ஒரே மாதிரி தெரியும், தேடினால் பாதிதான் கிடைக்கும். ஒரு மாலையில் இந்த மூன்றையும் முடித்துவிடலாம்.

சொல்லைப் பிரிக்கலாமா

எங்கள் குழுவில் அதிகம் வாக்குவாதம் நடந்தது இதில்தான், நடந்ததும் நல்லதுதான். படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று முதல் பதிப்பில் சந்தி பிரித்து அச்சிட்டோம். ‘தோடுடைய’ என்பதை ‘தோடு உடைய’ என்று போட்டோம். பொருள் உடனே புரிகிறது, உண்மை. ஆனால் எண்ணிப் பாருங்கள். தோ-டு-டை-ய, நான்கு எழுத்து. தோ-டு-உ-டை-ய, ஐந்து. தெரிந்தவர்கள் பழக்கத்தில் சரியாகப் பாடினார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் அச்சில் இருந்தபடி ஐந்தையும் பாடினார்கள். முதல் சீரிலேயே தாளம் தப்பியது. அவர்கள் மேல் தப்பே இல்லை. புத்தகம் சொன்னதைத்தான் செய்தார்கள்.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் முறை: பாடும் வடிவம்தான் பெரிய எழுத்தில். பதம் பிரித்த வடிவமும் பொருளும் பாட்டுக்குக் கீழே, சின்ன எழுத்தில். பாடும்போது கண் கீழே போகாது, வீட்டில் படிக்கும்போது போகும்.

ஆங்கில எழுத்தில் தமிழ்

ஆராய்ச்சிக்காரர்களின் முறை ஒன்று உண்டு, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே ஒரு ரோமன் எழுத்து. அறிவுக்கு அது சரி, வாய்க்குச் சரியில்லை. அதன்படி முருகன் என்ற பெயரின் நடுவில் கே எழுத்து வரும். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்து ‘முருக்கன்’ என்று பாடினார்கள். தமிழில் க ஒரே எழுத்துதான், ஆனால் சொல்லின் முதலில் ஒரு ஒலி, மெல்லினத்துக்குப் பிறகு வேறு ஒலி, உயிருக்கு நடுவில் இன்னொன்று. தமிழ் வாசிப்பவருக்கு அது தானாக வரும். ரோமன் எழுத்து வாசிப்பவருக்கு நாம்தான் காட்ட வேண்டும். ஆகவே மெய்யெழுத்தை ஒலிப்படி எழுதுங்கள். முருகனுக்கு ஜி. த-வுக்கு எச் சேர்த்து, ட-வுக்கு எச் சேர்க்காமல். ழ-வுக்கு இசட்-எச், அதைப் புத்தகம் கற்றுக்கொடுக்காது, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நாக்கை மடித்துக் காட்டினால்தான் உண்டு.

உயிரெழுத்தில் வேறு சிக்கல். நீளமாகப் பாட வேண்டிய இடத்தில் எழுத்தை இரட்டித்துப் போடுவது பொதுவான பழக்கம். ஆனால் இங்கே நாயுடு என்ற பெயரின் கடைசிக் குறிலே இரண்டு ஆங்கில ஓ போட்டுத்தான் எழுதப்படுகிறது. சுப்பிரமணியர் என்ற சாமி பெயரிலும் சு-வுக்கு இரண்டு ஓ. அப்படிப் பழகிய கண்ணுக்கு இரட்டை எழுத்து நெடில் என்று தெரியாது. அதைவிடக் கஷ்டம் எ-ஏ, ஒ-ஓ. சேவற்கொடியோனைச் சேவற்கோடியோன் ஆக்கிவிடுவார்கள். நாங்கள் கடைசியில் நெடிலுக்கு மட்டும் எழுத்தின் மேல் ஒரு கோடு போட்டோம், வேறு எந்தக் குறியும் இல்லை. முதல் பக்கத்தில் ஒரே வரி விளக்கம்: மேலே கோடு இருந்தால் இழுத்துப் பாடவும். எண்பது வயதுத் தாத்தா ஒருவருக்கு அதைச் சொன்னதும், ‘சரி, இதை ஏன் நீங்கள் முன்னமே செய்யவில்லை?’ என்று கேட்டார்.

ஒரு எச்சரிக்கை: எல்லா எழுத்துருவிலும் கோடு போட்ட ரோமன் எழுத்து இருக்காது. இல்லாத இடத்தில் வெறும் கட்டம் வரும். தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், ரோமனுக்கு நோட்டோ செரிஃப் என்று சேர்த்துக்கொண்டால் இரண்டும் இலவசம், ஒன்றோடொன்று ஒத்தும் போகும்.

பக்கம் அமைத்தல்

தமிழை இடப் பக்கத்திலும் ரோமன் எழுத்தை வலப் பக்கத்திலும் வைக்கலாம். பார்க்கச் சுத்தமாக இருக்கும். நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வலப் பக்கம் படிப்பவர் இடப் பக்கத்தை வாழ்நாள் முழுக்கத் திரும்பிப் பார்க்க மாட்டார். நாங்கள் தமிழ் வரி, அதற்கு நேர் கீழே ரோமன் வரி என்று வைத்தோம். இடம் அதிகம் பிடிக்கும், பிடிக்கட்டும். ஒரு வெள்ளிக்கிழமை ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, கீழ் வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மேல் வரியை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். தடுமாறும்போது விரலை லேசாக நகர்த்தி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மறைத்துக்கொண்டாள். அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் புத்தகத்துக்காகச் செலவழித்த ஒன்பது மாதமும் அன்றைக்கே எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

அளவுகள்: தமிழ் 14 புள்ளி (பாயின்ட்), ரோமன் 11, பொருள் 9. உள் விளிம்பு 18 மில்லிமீட்டர், வெளி விளிம்பு 12. ஏ5 தாளில் இந்த அளவுக்கு வரிக்கு இருபது, இருபத்திரண்டு தமிழ் எழுத்துதான் கொள்ளும். திருப்புகழ் அடி அதைவிட நீளம். கணினி தன் இஷ்டத்துக்கு மடிக்கும், விடாதீர்கள். சந்தம் திரும்பி வரும் ஒவ்வொரு இடத்திலும் நீங்களே வரியை முடியுங்கள். அடி முடிவில் வரும் தொங்கல் என்ற சிறு துண்டை வலது பக்கம் தள்ளித் தனி வரியாக வையுங்கள். அந்த இடைவெளியைப் பார்த்தால் போதும், மூச்சு எங்கே எடுப்பது என்று பாடுகிறவருக்குத் தெரியும். பாட்டின் தலையில் சந்தத்தை, ‘தத்தன தந்தன’ என்று வருவதை, ஒரு வரி போட்டுவிட்டால் உடுக்கைக்காரரும் சந்தோஷப்படுவார்.

பாட்டின் நடுவில் பக்கம் புரட்டல் வரக் கூடாது. ஒரு பக்கத்தில் முடியாத பாட்டு இடப் பக்கத்தில் தொடங்கி எதிர்ப் பக்கத்தில் முடியட்டும். அதற்காக ஒரு பக்கம் காலியாகப் போனாலும் சரி. அந்தக் காலியிடத்தில் நிரப்பல் படம் வேண்டாம், கோடு போட்டு விட்டால் ஜனங்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கையால் எழுதிக்கொள்வார்கள். எங்கள் புத்தகத்தில் அப்படி மூன்று பக்கம் இருந்தது, மூன்றும் நிறைந்துவிட்டன.

மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லிப்ரே ஆபிஸ் ரைட்டர் போதும். தமிழ் வரி, ரோமன் வரி, தொங்கல், பொருள், தலைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டைல் உருவாக்கிவிட்டால், பிறகு அளவை மாற்ற ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாப் பாட்டிலும் மாறும். கையால் பாட்டுக்குப் பாட்டு அளவு மாற்ற ஆரம்பித்தால் வேலை முடியவே முடியாது. இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் செய்பவர்கள், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

குழு

எங்கள் ஐந்து பேரில் ஒருவர் மூலம் ஒப்பிட்டார், ஒருவர் தட்டச்சு, ஒருவர் ரோமன் எழுத்து, ஒருவர் மெய்ப்பு, நான் பக்க அமைப்பு. தட்டச்சு செய்தவர் தன் பாட்டுக்குத் தானே மெய்ப்புப் பார்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் எங்களுக்குள் இருந்த கண்டிப்பான விதி. சாட்ஸ்வொர்த்தில் ஒருவர், ஃபீனிக்ஸில் ஒருவர், டோங்காட்டில் ஒருவர் என்று சிதறி இருந்ததால் ஒரு பொது அட்டவணை வைத்தோம்: பாட்டு எண், முதல் சொல், பண், எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது, யார் கையில் இருக்கிறது, எந்த நிலையில். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ‘கடைசி’, ‘கடைசி-புதுசு’ என்று ஆறு கோப்பு சுற்ற ஆரம்பித்து, திருத்திய பாட்டின் திருத்தாத பிரதி புத்தகத்துக்குள் போய்விடும். எல்லாரும் ஒரே பொதுக் கோப்புறையில் வேலை செய்யட்டும், பக்க அமைப்புக்குப் போன பிறகு மூலக் கோப்பை ஒருவர் மட்டும் தொடட்டும்.

வயதானவர்களைக் குழுவுக்கு வெளியே வைக்காதீர்கள். எங்கள் கோயிலில் ஒரு ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் நாங்கள் உரக்கப் படிக்கும்போது கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ‘அந்த இடம் அப்படி இல்லை, சாமி’ என்பார். அச்சுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரி.

காலக் கணக்கு

தைப்பூசம் ஜனவரி நடுவுக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும். இங்கே பெரும்பாலான அச்சகங்கள் டிசம்பர் நடுவில் மூடினால் ஜனவரியில்தான் திறக்கும். ஆகவே நவம்பர் முடிவதற்குள் புத்தகம் கைக்கு வந்துவிட வேண்டும். பின்னோக்கி எண்ணுங்கள். சித்திரையில் பாட்டுத் தேர்வு, ஆடிக்குள் தட்டச்சும் ஒப்பீடும், புரட்டாசிக்குள் முதல் பக்க அமைப்பு. ஐப்பசியில் கந்த சஷ்டி வருகிறதே, ஆறு நாள், ஆறு மாலை, அது கடவுள் கொடுத்த வாய்ப்பு. நகலெடுத்து மடித்துப் பின் அடித்த இருபது பிரதியைக் கோயிலில் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள். நீங்கள் பாடாதீர்கள். ஓரமாக உட்கார்ந்து, எங்கே குரல் தேய்கிறது, எந்த வரியில் தலை குனிந்து தேடுகிறார்கள், யார் புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றிரவே திருத்தி மறுநாள் புதிய பிரதி. இரண்டாம் நாள் மாலையில் மட்டும் நாங்கள் பதினான்கு இடம் குறித்தோம். சூரசம்ஹாரத்தன்று இரண்டு.

அச்சகத்தில்

அச்சகத்துக்கு வேர்ட் கோப்பு கொடுக்கவே கொடுக்காதீர்கள். முதல் பதிப்பில் நான் கொடுத்தேன். அவர்கள் கணினியில் எங்கள் எழுத்துரு இல்லை, அது வேறு ஒன்றை எடுத்துக்கொண்டது, பல இடங்களில் கொம்பு தனியாக, புள்ளி வட்டத்தோடு நின்றது. அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். முழு அச்சுக்கு முன் ஒரு மாதிரிப் பிரதி கேட்டு வாங்கி, அதைக் கடைசி எழுத்து வரை தாளில் படியுங்கள்.

நடுவில் மடித்துப் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். தாள் கூடக்கூட நடுத் தாள்கள் வெளியே தள்ளிக்கொண்டு வரும், ஓரம் வெட்டும்போது அந்தப் பக்கங்களில் விளிம்பு குறையும். அதனால்தான் வெளி விளிம்பை 12-க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம் என்கிறேன். 64 பக்கம் வரை இப்படி நன்றாக விரிந்து நிற்கும். பசை ஒட்டும் பைண்டிங் இங்கே கடற்கரை ஈரத்துக்கும் கோடை வெயிலுக்கும் எங்களுக்கு ஒத்துவரவில்லை, ஒரே வருடத்தில் தாள் கழன்றது. உள்ளே 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) தாள், பின் பக்க எழுத்து தெரியாது. அட்டை 300, மேலே லேமினேஷன், ஏனென்றால் விபூதியும் எண்ணெயும் பாலும் படாமல் கோயில் புத்தகம் இருக்காது.

புத்தகம் வந்த பிறகு

ஒரு பிரதியின் அட்டையில் ‘திருத்தப் பிரதி’ என்று எழுதி, ஒரு பென்சிலை நூலில் கட்டி, பாட்டுக் குழு உட்காரும் இடத்தில் தொங்கவிடுங்கள். பிழை கண்டவர் யாராக இருந்தாலும் அதிலேயே வட்டம் போடட்டும். மூலக் கோப்பு, பிடிஎஃப், பயன்படுத்திய எழுத்துருக்கள் மூன்றையும் ஒரே கோப்புறையில் போட்டு, குழுவில் இரண்டு பேர் வீட்டிலும் கோயில் அலுவலகத்திலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். எங்கள் திருத்தப் பிரதியில் இதுவரை ஒன்பது வட்டம் விழுந்திருக்கிறது. அதில் நான்கு, கட்டைவிரலால் கீழ் வரியை மறைத்துப் படித்த அந்தச் சிறுமி போட்டவை.